எடுக்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால்

அளவையில் மோசடி செய்வோருக்கு வரும் கேட்டை அறிவித்துத் தொடங்கும் அத்தியாயம் ஒன்று அருள்மறையில் இருக்கிறது. ‘அல்முதஃப்பிஃபீன்’ என்பது அதன் பெயர். பிறரிடம் அளந்து வாங்கும்போது குறைவின்றி வாங்கிக்கொண்டு, தாம் அளந்து கொடுக்கும் நேரம் வந்ததும் கையைச் சுருக்கிக்கொள்கிறவர்களை அது எச்சரிக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அவ்வூரார் அளவையில் மிகவும் பழுதுபட்டிருந்தார்கள் என்றும், இவ்வசனங்கள் இறங்கியபின் நேர்மையாக அளக்கத் தொடங்கினார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

இதை ஓதும்போது நம் கண்முன் அரிசி மண்டியும் தராசுத் தட்டும்தான் தோன்றுகின்றன. நாம் வியாபாரி இல்லையே, நமக்கு இதில் என்ன என்று கடந்து போய்விடுகிறோம். ஆனால் குற்றத்தின் வேர் மரக்காலில் இல்லை, மனத்தில் இருக்கிறது. தனக்கு வேண்டும்போது ஒரு நியாயம், பிறருக்குத் தரும்போது வேறொரு நியாயம் என்று இரண்டு வைத்துக்கொள்வதே அந்த நோய். ஆகவேதான் மார்க்க அறிஞர்கள் இந்த எச்சரிக்கையைக் கடைத்தெருவோடு நிறுத்தவில்லை. மக்களிடம் நீதி கேட்டுவிட்டுத் தான் நீதி வழங்காதவனும் இதில் அடங்குவான் என்று விளக்கியிருக்கிறார்கள்.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. பிழைப்புக்காக எல்லை தாண்டிப் போகும் மனிதனுக்கு நாம் எந்த மரக்காலால் அளக்கிறோம்? நம் பிள்ளை அயல்நாடு போனால் ஓர் அளவு. அயலான் பிள்ளை நம் ஊருக்கு வந்தால் வேறோர் அளவு. இது தகுமா? அண்டை அயலில் உள்ள நாடுகள் இதில் ஒன்றுபட முடியாதா? இதைச் சற்று ஆராய்வோம்.

ஏரியின்மேல் ஒரு கோடு

வெகுதூரம் போக வேண்டாம். சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியைப் பார்த்தாலே போதும். இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் ஒரிஸாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது இது. தெற்கிலிருந்து ஆரணி ஆறும், வடக்கிலிருந்து காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தில், இன்றைய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தென்கோடியிலுள்ள சிறுபகுதிதான் தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் கடல்நீர் உள்ளே வந்துபோகும் முக்கியமான முகத்துவாரமோ அந்தச் சிறுபகுதியில்தான், பழவேற்காட்டு ஊருக்கருகே அமைந்திருக்கிறது.

இறைவனின் ஏற்பாட்டைக் கவனியுங்கள்! வடகரையாரிடம் நீர்ப்பரப்பு, தென்கரையாரிடம் வாசல். வாசல் மணல் மேடிட்டு அடைபட்டால் வடகரையாருக்கும் இறால் இல்லை. வடக்கே உள்ள பரப்பு பாழ்பட்டால் தென்கரையாருக்கும் மீன் இல்லை. ஒருவர் மற்றவரை நம்பியே வாழ வேண்டிய நிலை.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரியும்வரை இரு கரையும் ஒரே சென்னை மாகாணம். 1960-இல் எல்லை மறுபடியும் திருத்தப்பட்டது. அதற்குமுன் தாத்தாவும் முப்பாட்டனும் வலைவீசிய நீரில் பேரன் கோடு தாண்டியவன் ஆனான். மீனுக்குக் கோடு தெரியாது. அதைத் துரத்திச் செல்லும் தோணியும் சில வேளைகளில் கோட்டை மறந்துவிடுகிறது. இக்கரை வலை அக்கரையில் பறிபோவதும், கைகலப்பு மூள்வதும், இரு மாநில அதிகாரிகளும் வந்து சமாதானம் பேசி அனுப்புவதும் பலமுறை நடந்தவை.

இருபுறமும் கேட்டுப் பாருங்கள். நம் தோணி அங்கே பிடிபட்டால், ‘ஏரி அல்லாஹ் தந்தது, யார் தடுப்பது?’ என்போம். அவர்கள் தோணி இங்கே வந்தால், ‘இது எங்கள் எல்லை’ என்போம். அக்கரையிலும் இதே பேச்சுத்தான். இரு கரையிலும் இரண்டிரண்டு மரக்கால்கள்!

இத்தனைக்கும் நியாயமாகப் பங்கிட வழி தெரியாத மக்கள் அல்ல அவர்கள். பழவேற்காட்டுக் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக உண்டு. எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் தீர்மானிப்பார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாது. பலசாலி என்பதால் ஒருவன் முந்திக்கொள்ள இயலாது. எனினும் அந்தப் பாட்டுக்குள் இடம் பெற்றவர்கள் சில ஊர்களின் பரம்பரையாளர்களே. வெளியே நின்றவர்கள் தங்களுக்கும் பங்கு கேட்டபோது சச்சரவும் எழுந்தது. உள்ளே இருப்பவர்களுக்குள் எவ்வளவு நீதியாக இருந்தாலும், வாசலில் நிற்பவனுக்கு அந்த நீதி எட்டாவிட்டால் பணி பாதியில்தான் நிற்கிறது. குப்பத்துக்குப் பொருந்தும் இந்தப் பாடம் நாடுகளுக்கும் பொருந்தும்.

நாமும் வந்தவர்களே

‘வந்தவன்’ என்ற சொல்லை நாம் இளக்காரமாகச் சொல்கிறோம். பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்களில் தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு என்ன? அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்து இக்கரையில் இறங்கிய முன்னோர்களின் வரலாறு அல்லவா? அன்று இந்த மண் அவர்களுக்கு இடம் கொடுத்தது, பெண் கொடுத்தது, பள்ளிவாசல் கட்ட நிலம் கொடுத்தது. கொடுக்காதிருந்தால் நாம் ஏது?

இங்கிருந்து வெளியே போனதும் கொஞ்சமல்ல. மலேசியாவில் ஆண்கள் தொழுகைக்கு உடுத்தும் கைலியைக் ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது பழவேற்காடுதான். புலிக்காட் என்று பிறர் நாவில் திரிந்த பெயர். நம் கரையின் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு அக்கரைச் சீமையில் ஒருவர் ஸஜ்தா செய்கிறார். போக்குவரவு எவ்வளவு பரக்கத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் அதே துறைமுகம் மற்றொன்றையும் கண்டது. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்த நூற்றாண்டில், பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகள் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பட்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் படேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஒரே கடல், ஒரே கரை. துணி கண்ணியத்தோடு போயிற்று. மனிதன் சங்கிலியோடு போனான்.

பிறகு வந்த காலத்தில் சங்கிலி மறைந்தது. மனிதனை எண்ணிக்கையாக்கும் வழக்கம் மறையவில்லை. பர்மாவில் 1962-இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. ஆயுள் முழுதும் அங்கே உழைத்த தமிழர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்களின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது. அதே 1964 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, மலையகத் தோட்டத் தொழிலாளரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. அண்டை நாடுகள் கூடிப் பேசியது நல்லதுதான். ஆனால் தேயிலைக் கொழுந்து பறித்து அந்நாட்டைச் செழிக்கவைத்த மக்களின் பிரதிநிதிகள் அந்தப் பேச்சில் ஒரு தரப்பாக அமர்த்தப்படவில்லை. பண்டத்தைத்தான் இப்படிப் பாதியாக அளப்பார்கள், மனிதனையுமா அளப்பது?

மத்யனில் நடந்த ஒப்பந்தம்

எல்லை தாண்டிய உழைப்பாளிக்கு எவ்வாறு அளக்க வேண்டும் என்பதற்கு அருள்மறை ஒரு வரலாற்றையே தந்திருக்கிறது. ‘அல்கஸஸ்’ அத்தியாயத்தில் அதைக் காணலாம்.

ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்கள் எகிப்திலிருந்து உயிருக்கு அஞ்சி மத்யனுக்கு வருகிறார்கள். அங்கே சொந்தம் இல்லை, வேலை இல்லை, தெரிந்த முகம் இல்லை. கிணற்றங்கரையில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு, கூலி கேளாமல் நிழலில் போய் அமர்ந்து இறைவனிடம் தம் தேவையை முறையிடுகிறார்கள். அப்பெண்களின் தந்தையோ கேட்காத கூலியைக் கொடுக்க ஆள் அனுப்பி அழைக்கிறார். பிறகு ஒப்பந்தம் பேசப்படுகிறது. வேலைக் காலம் எட்டு ஆண்டுகள். பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். சிரமப்படுத்தும் நோக்கம் தமக்கு இல்லை என்று முதலாளியே வாக்களிக்கிறார். இரண்டில் எந்தத் தவணையை முடித்தாலும் தம்மீது அநீதி கூடாது என்று தொழிலாளி நிபந்தனை சொல்கிறார். அல்லாஹ் சாட்சியாக்கப்படுகிறான்.

அன்பர்களே! இதில் எது விடுபட்டிருக்கிறது? தவணை தெளிவு. விருப்பமும் கட்டாயமும் வேறுபிரிக்கப்பட்டிருக்கின்றன. வந்தவனுக்கு வாய்திறக்கும் உரிமை இருக்கிறது. ஆதரவற்றவன்தானே, சொன்ன கூலிக்கு இருப்பான் என்ற எண்ணம் அப்பெரியவரிடம் இல்லை. இன்று விசா கையில் வரும்வரை ஒரு சம்பளம், விமானம் இறங்கியபின் வேறு சம்பளம் என்று எத்தனை சபராளிகள் ஏமாற்றப்படுகிறார்கள்! பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்துக்கொள்ளும் முதலாளி, மத்யன் வரலாற்றை ஓதாதவனா? ஓதுகிறான், அளப்பதில்லை.

ஹதீஸ் குத்ஸி ஒன்று நெஞ்சை நடுங்கச் செய்கிறது. மறுமையில் மூவருக்கு எதிராக அல்லாஹ்வே வழக்காடுவான் என்கிறது அது. அவன் பெயரால் வாக்குக் கொடுத்து முறித்தவன் ஒருவன். சுதந்திர மனிதனை விற்றுக் காசைத் தின்றவன் ஒருவன். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன் ஒருவன். ‘வல்லாஹி, நல்ல வேலை’ என்று சத்தியம் செய்து, வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கச் சொல்லி, இல்லாத வேலைக்கு ஆள் அனுப்பிக் காசு பார்க்கும் தரகன் இம்மூன்றில் எத்தனையில் அகப்படுவான் என்பதை அவனே எண்ணிக்கொள்ளட்டும்.

போட்டி போட்டால் கூலி குறையும்

ஒரு நாடு தனித்து நின்று தன் மக்களைக் காத்துக்கொள்ள முடியாதா என்று கேட்கலாம். ஓரளவு முடியும், முழுமையாக முடியாது. காரணம் எளியது. வளைகுடாவில் வேலைக்கு நிற்பவன் இந்தியன் மட்டுமல்ல. வங்கதேசத்தான், நேபாளி, இலங்கையன், பாகிஸ்தானி, பிலிப்பைன்ஸ்காரன் எல்லோரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவன் நியாயமான கூலி கேட்டால், முதலாளி பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிடுகிறான். நம் அரசே 2020 செப்டம்பரில், வளைகுடா வேலைகளுக்குக் குறித்திருந்த குறைந்தபட்சச் சம்பளத்தைக் குறைத்தது. எதிர்ப்பு எழுந்தபின் 2021-இல் அதைத் திரும்பப் பெற்றது. ஏழைகள் ஒருவரையொருவர் அமுக்கிக் கீழே போகும் ஏலம் இது.

இந்த ஏலத்தை நிறுத்த ஒரே வழி, ஆளனுப்பும் அண்டை நாடுகள் சேர்ந்து ஒரே மரக்காலை வைத்துக்கொள்வதுதான். அதற்கான முயற்சி இல்லாமல் இல்லை. 2003-இல் ஆளனுப்பும் ஆசிய நாடுகள் கொழும்பில் கூடின. ‘கொழும்பு நடைமுறை’ எனப்படும் அவ்வமைப்பில் இன்று 12 நாடுகள் இருக்கின்றன. 2024-இல் இந்தியா முதன்முறையாக அதற்குத் தலைமை ஏற்றது. ஆளனுப்பும் நாடுகளையும் ஆளெடுக்கும் வளைகுடா நாடுகளையும் ஒரே மேசையில் அமர்த்தும் ‘அபூதாபி உரையாடல்’ 2008-இல் தொடங்கியது. 2014 நவம்பரில் காட்மாண்டுவில் கூடிய சார்க் மாநாடும், வெளிநாடு செல்லும் தொழிலாளரின் பாதுகாப்புக்காக ஒத்துழைப்பதாக அறிவித்தது. ஆனால் அதற்குப்பின் சார்க் உச்சி மாநாடே கூடவில்லை. கொழும்பு நடைமுறையின் முடிவுகளும் எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. பேச்சு இருக்கிறது, முத்திரையிட்ட மரக்கால் இன்னும் வரவில்லை.

மறுபக்கத்தின் நியாயம்

இங்கே ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வருகிறவனுக்கெல்லாம் வாசலைத் திறந்துவிட்டால் உள்ளூர்க்காரன் என்ன செய்வான்? ஏரியில் வலைக்கு ஓர் அளவு உண்டு. அதற்குமேல் விழுந்தால் குஞ்சும் மிஞ்சாது. இது வீண்வாதம் அல்ல. இருப்பவனுக்கும் ஹக்கு உண்டு.

பாக் நீரிணையை எடுத்துக்கொள்வோம். தமிழக மீனவர் இலங்கையில் பிடிபட்டால் நம் உள்ளம் பதறுகிறது, பதறவும் வேண்டும். வயிற்றுப்பாட்டுக்குப் போனவனைச் சுடுவதும் மாதக்கணக்கில் சிறையில் அடைப்பதும் நீதியல்ல. ஆனால் கடலடியை வாரும் இழுவை மடி, யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உள்ள சிறு மீனவனின் வலையை அறுத்துக்கொண்டு போகிறதே, அவனும் நம்மைப்போல் தமிழ் பேசும் ஏழைதானே! இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்தது. நம் மீனவனுக்கு நேரும் கொடுமையைச் சொல்லும் வாய், அவனுக்கு நேரும் நஷ்டத்தையும் சொல்ல வேண்டாமா?

மதீனாவில் இதே சிக்கல் எழுந்தது. ஹிஜ்ரத் வந்த முஹாஜிர்களுக்குத் தம் பேரீச்சந் தோப்புகளைப் பங்கிட்டுத் தருமாறு அன்ஸாரிகள் முன்வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை. தோப்பு அன்ஸாரிகளுக்கே இருக்க, உழைப்பில் முஹாஜிர்கள் கைகொடுக்க, விளைச்சலில் இருவரும் பங்கு பெறுவது என்று முடிவாயிற்று. எவ்வளவு ஆழ்ந்த தீர்ப்பு! உள்ளூரானின் உடைமையும் போகவில்லை. வந்தவன் வயிறும் காயவில்லை. வந்தவர்களும் கையேந்தி நிற்கவில்லை. தம் செல்வத்தில் பாதியைத் தருவதாக ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் சொன்னபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் துஆச் செய்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வழிதான் கேட்டார்கள்.

ஆகவே எல்லை இருக்கலாம், வரம்பும் இருக்கலாம். ஆனால் அந்த வரம்பு முன்கூட்டியே இருதரப்பும் அறிந்ததாக, இருதரப்பையும் ஒன்றுபோல் கட்டுப்படுத்துவதாக இருக்க வேண்டும். பிடித்தபின் சொல்லும் சட்டமும், வந்தபின் மாற்றும் சம்பளமும் ஒரே வகையான மோசடிகளே.

நம் வீட்டு மரக்கால்

அரசுகள் செய்ய வேண்டியதைச் சொன்னோம். நாம் செய்ய வேண்டியது என்ன?

பழவேற்காட்டு ஏரிக்கு மேற்கே கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை இருக்கிறது. ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே உழைக்கிறார்கள். இலங்கைப் போரில் வீடிழந்து வந்த தமிழருக்கான முகாமும் அதே ஊரில் இருக்கிறது. நம் ஊர்களில் ஹோட்டலில் பரோட்டா மாவு பிசைகிறவன், கட்டட வேலையில் சிமெண்ட் சுமக்கிறவன் யார்? பலர் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள். ஜும்ஆவுக்கு நம் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறவர்களும் அவர்களில் உண்டு. ஸலாம் கொடுத்துத் திரும்பியபின் அவன் பெயரையாவது கேட்டிருக்கிறோமா?

ரியாத்தில் ஓர் அறையில் பத்துப்பேர் படுக்கிறார்கள் என்று மகன் எழுதினால் தாய் கண்ணீர் வடிக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கடையின் பின்புறம் ஒரு தகரக்கொட்டகையில் எட்டுப்பேர் படுக்கிறார்கள். மகனுக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றால் தூதரகத்துக்கு மனு எழுதுகிறோம். நம் கடைப்பையன் ஊருக்குப் போகக் கணக்குக் கேட்டால், ‘பெருநாள் கழித்து வா’ என்கிறோம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி ஏவிய நபியின் உம்மத் அல்லவா நாம்?

எனவே ஒவ்வொரு மஹல்லாவும் சிலவற்றைக் கைக்கொள்ளலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி ‘அல்பகரா’ அத்தியாயத்தின் நீண்ட வசனம் ஏவுகிறது. வெளியூர்த் தொழிலாளியின் கூலி, விடுமுறை, தவணை ஆகியவற்றையும் அவனுக்குப் புரியும் மொழியில் எழுதிக் கையில் கொடுப்போம்.

வெளிநாடு செல்லும் பிள்ளைகளை 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் வழியாக மட்டுமே அனுப்புவோம். முகவர் வாங்கும் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று வரம்பு இருக்கிறது. இலட்சங்களைக் கேட்பவனிடம் ரசீது கேட்போம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் சவூதி, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் குடியகல்வு அனுமதி பெற வேண்டும். அதைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் அனுப்புவது பிள்ளையைப் பாதுகாப்பின்றிக் கடலில் இறக்குவதாகும். விசாவுக்காக வட்டிக்கு வாங்கி, ஹராமில் காலூன்றி ஹலாலைத் தேடவும் வேண்டாம்.

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டவரும் வழிப்போக்கரும் இருக்கிறார்கள். ஏமாற்றப்பட்டுத் திரும்பிய சபராளியும், ஊர் திரும்பக் காசில்லாமல் நம் ஊரில் தவிக்கும் வடநாட்டுத் தொழிலாளியும் இவற்றில் அடங்குகிறார்களா என்பதை உலமாக்களிடம் கேட்டறிந்து, அவர்களையும் ஜகாத் பட்டியலில் நினைவுகூர்வோம்.

பூமியை நமக்கு வசப்படுத்தித் தந்து, அதன் பல பகுதிகளிலும் நடந்து தன் ரிஸ்கை உண்ணும்படி ஏவியவன் அல்லாஹ் (‘அல்முல்க்’, 15). பூமி அவனுடையது, ரிஸ்க் அவனுடையது. கோடுகள் மட்டுமே நம்முடையவை. நாளை மஹ்ஷரில் மீஸான் தராசு ஒன்றுதான் நிறுத்தப்படும். வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று என்று அங்கே இராது. அந்நாளுக்கு முன் நம் கையிலுள்ள இரண்டு மரக்கால்களில் ஒன்றை உடைத்தெறிய வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகளையும், நம் நாட்டில் உழைக்கும் பிறர் பிள்ளைகளையும் அவன் தன் காவலில் வைத்திருப்பானாக! ஆமீன்.